வாஷியில் பழைய ஃபிளாட் வாங்கப் போறீங்களா? தாய்ப்பத்திரம் வரை போய்ப் பார்ப்பது எப்படி?

வாஷியில் ஒரு ரீசேல் ஃபிளாட் உங்களுக்குப் பிடித்துப்போகிறது. ஸ்டேஷனுக்குப் பக்கம், நல்ல வெளிச்சம், விலையும் பேசிக்கலாம் என்கிறார்கள். "பேப்பர் எல்லாம் கிளியர் சார், டோக்கன் போட்டுடுங்க" என்று ஏஜென்ட் ஒரு பிடிஎஃப் அனுப்புகிறார். அதில் இப்போதைய உரிமையாளர் வாங்கிய ஒப்பந்தத்தின் நகல் ஒன்று, சொசைட்டி ஷேர் சர்டிஃபிகேட்டின் ஜெராக்ஸ் ஒன்று.

இந்த இரண்டும் சேர்ந்து சொல்வது ஒரே விஷயம்தான்: விற்பவர் இதை யாரிடமோ வாங்கினார். அந்த 'யாரோ'வுக்கு விற்கும் உரிமை இருந்ததா? அவருக்கு முன்பு இருந்தவருக்கு இருந்ததா? அசல் பத்திரம் இப்போது வீட்டு பீரோவில் இருக்கிறதா, வங்கியிடம் இருக்கிறதா? இதற்கெல்லாம் அந்தப் பிடிஎஃப்பில் பதில் கிடையாது.

ஊரில் நிலம் வாங்கும்போது நம் வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்பது "தாய்ப்பத்திரம் இருக்கா? வில்லங்கம் போட்டுப் பார்த்தீங்களா?" என்றுதான். மும்பைக்கு வந்ததும் அந்தக் கேள்வியை நாம் மறந்துவிடுகிறோம். ஃபிளாட்தானே, சொசைட்டி இருக்கே, பேங்க் லோன் தருதே என்று விட்டுவிடுகிறோம். ஆனால் வாஷியில் அந்தக் கேள்விக்கு ஊரைவிடத் தெளிவான பதில் கிடைக்கும். ஊர் நிலத்தின் வரலாறு கொள்ளுத்தாத்தா காலத்துப் பாகப்பிரிவினையில் போய் மங்கிவிடும். வாஷி ஃபிளாட்டின் வரலாற்றுக்குப் பெரும்பாலும் ஐம்பது வயதுக்குள்தான். அதற்கு ஒரு தெளிவான தொடக்கமும் உண்டு. அந்தத் தொடக்கம் வரை போய்ப் பார்ப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

வாஷியில் நிலம் யாருடையது?

ஒரே வார்த்தையில் பதில்: சிட்கோ. தமிழ்நாட்டில் சிட்கோ என்றால் சிறுதொழில் வளர்ச்சிக் கழகம். இது வேறு. மகாராஷ்டிர அரசின் நகர மற்றும் தொழில் வளர்ச்சிக் கழகம் 1970 மார்ச் 17-ல் ஒரு அரசு நிறுவனமாகத் தொடங்கப்பட்டது. மும்பையின் நெரிசலைக் குறைக்க, கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் புதிய நகரம் ஒன்றை உருவாக்கும் பொறுப்பு அதற்குத் தரப்பட்டது. தானே, ராய்கட் மாவட்டங்களின் கிராம நிலங்களை அரசு கையகப்படுத்தி சிட்கோவிடம் ஒப்படைத்தது.

1973-ல் வாஷி பாலம் திறந்தது. 1992 மே மாதம் மான்குர்டில் இருந்து வாஷிக்கு ரயில் வந்தது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பக்கம் இருந்த பல தமிழ்க் குடும்பங்கள் 'பாலத்துக்கு அந்தப் பக்கம்' வீடு வாங்கியது இந்தக் காலத்தில்தான்.

இங்கே முக்கியமான விஷயம் ஒன்று. சிட்கோ நிலத்தை முழு உரிமையாக விற்கவில்லை. குத்தகைக்குக் கொடுத்தது, பொதுவாக 60 ஆண்டுகளுக்கு. அதனால் வாஷியில் நீங்கள் வாங்குவது குத்தகை நிலத்தின் மேல் நிற்கும் ஃபிளாட்டை. அது தப்பில்லை, நகரமே அப்படித்தான் எழுந்தது. ஆனால் இதனால் இரண்டு விளைவுகள் உண்டு.

ஒன்று, கை மாறும்போது சிட்கோவின் அனுமதியும் மாற்றக் கட்டணமும் தேவைப்படலாம். இடையில் ஒருவர் அனுமதி வாங்காமல் விற்றிருந்தால், அந்த ஓட்டை உங்கள் தலையில் விழும்.

இரண்டாவது, கடிகாரம்.

அந்த 60 ஆண்டு எப்போது தொடங்கியது?

குத்தகைக் காலம் நீங்கள் வாங்கும் நாளில் தொடங்குவதில்லை. முதன்முதலில் சிட்கோ அந்த மனையை ஒருவருக்குக் கொடுத்தபோது போட்ட ஒப்பந்தத்தில்தான் அது எண்ணப்படுகிறது. 1978-ல் தொடங்கிய 60 ஆண்டுக் குத்தகை 2038-ல் முடியும். நீங்கள் இன்று 20 ஆண்டு லோன் எடுத்தால், லோன் முடிவதற்கு முன்பே குத்தகை முடிந்துவிடும்.

பயப்பட வேண்டாம். குத்தகையை நீட்டிக்கவும் முழு உரிமையாக மாற்றவும் மாநில அரசும் சிட்கோவும் கடந்த சில ஆண்டுகளில் திட்டங்களை அறிவித்திருக்கின்றன. ஆனால் அவை உங்கள் கட்டடத்துக்குப் பொருந்துமா, எவ்வளவு கட்டணம், அதை யார் கட்டுவது என்பதை சொசைட்டியிடமும் சிட்கோவிடமும் எழுத்தில் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதற்கே தொடக்கத் தேதி தெரிய வேண்டும். அந்தத் தேதி கடைசி ஒப்பந்தத்தில் சில நேரம் இருக்கும், சில நேரம் இருக்காது, சில நேரம் தப்பாக இருக்கும். முதல் பத்திரத்தில் கட்டாயம் இருக்கும்.

வங்கி வழக்கறிஞர்கள் பொதுவாக 30 ஆண்டுத் தேடல் அறிக்கை போடுவார்கள். அது நல்ல நடைமுறை. ஆனால் இன்றிலிருந்து 30 ஆண்டு பின்னால் போனால் 1990-களில் நின்றுவிடும். வாஷியின் பழைய செக்டார்களில் பல கட்டடங்களின் கதை அதற்கும் முன்னால் தொடங்கியது. 30 ஆண்டு அறிக்கை 'கிளியர்' என்று வந்தாலும், முதல் கண்ணியை நீங்கள் பார்த்ததாக ஆகாது.

இரண்டு சொற்கள்: அசல், தாய்ப்பத்திரம்

பேச்சில் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். பிரித்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அசல் என்பது கையெழுத்தும் முத்திரையும் உள்ள ஒரிஜினல் தாள். தாய்ப்பத்திரம், அதாவது மூலப்பத்திரம், என்பது இப்போதைய பத்திரத்துக்கு முன்னால் உள்ள பத்திரம். அதற்கும் ஒரு தாய் இருக்கும். அப்படியே பின்னால் போனால் சிட்கோவில் போய் நிற்கும். உங்களுக்கு இரண்டு கேள்விகள்: சங்கிலி முழுசா இருக்கா? ஒவ்வொரு கண்ணியின் அசலும் எங்கே இருக்கு?

உங்கள் ஃபிளாட் எந்த வகை?

வாஷியில் எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே மாதிரிப் பத்திரங்கள் இருக்காது. முதலில் வகையைக் கண்டுபிடியுங்கள்.

1. சிட்கோவே கட்டிக் கொடுத்த வீடு. இங்கே முதல் தாள் சிட்கோவின் அலாட்மென்ட் கடிதம். அதன் பின் சிட்கோவும் ஒதுக்கீடு பெற்றவரும் போட்ட ஒப்பந்தம். இப்படிப்பட்ட பல குடியிருப்புகளில் கூட்டுறவு சொசைட்டிக்குப் பதிலாக, 1970-ம் ஆண்டு மகாராஷ்டிர அபார்ட்மென்ட் உரிமைச் சட்டத்தின் கீழ் உரிமையாளர் சங்கம் இருக்கும். அங்கே ஷேர் சர்டிஃபிகேட் கேட்டால் கிடைக்காது. 'டீட் ஆஃப் அபார்ட்மென்ட்' என்ற பத்திரத்தைக் கேட்க வேண்டும்.

2. சிட்கோவிடம் மனை எடுத்து பில்டரோ சொசைட்டியோ கட்டிய வீடு. முதல் கண்ணி சிட்கோவுக்கும் பில்டருக்கும் இடையிலான குத்தகை ஒப்பந்தம். அடுத்தது பில்டர் முதல் வாங்குபவருக்கு எழுதிய ஒப்பந்தம். 1963-ம் ஆண்டு மகாராஷ்டிர ஃபிளாட் உரிமைச் சட்டப்படி இதைப் பதிவு செய்திருக்க வேண்டும். பின்னர் சொசைட்டி பதிவாகி, குத்தகை உரிமை சொசைட்டி பெயருக்கு மாறியிருக்க வேண்டும். மாறியிருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். பில்டர் மாற்றித் தராமல் இழுத்தடித்த சொசைட்டிகளுக்காகத்தான் 2008 சட்டத் திருத்தத்தில் 'டீம்டு கன்வேயன்ஸ்' என்ற வழி வந்தது. நாளைக்குக் கட்டடத்தை இடித்துக் கட்டும் பேச்சு வந்தால், இந்த ஒரு தாள் இல்லாமல் எதுவும் நகராது.

3. பன்னிரண்டரை சதவீதத் திட்ட மனையில் எழுந்த வீடு. நிலம் இழந்த கிராமத்தினர் நடத்திய போராட்டத்தின் விளைவு இந்தத் திட்டம். 1984-ல் உரண் அருகே ஜாசாயியில் நடந்த போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பின்னர், கையகப்படுத்திய நிலத்தில் பன்னிரண்டரை சதவீத அளவுக்கு வளர்ச்சி செய்த மனையாகத் திருப்பித் தர அரசு ஒப்புக்கொண்டது. இந்த மனைகளில் முதல் உரிமை நிலம் இழந்த குடும்பத்துக்கு. அவர்கள் பில்டருக்குக் கொடுத்தபோது சிட்கோவும் கையெழுத்திட்ட முத்தரப்பு ஒப்பந்தம் இருக்க வேண்டும். குடும்பத்தில் எத்தனை வாரிசுகள், எல்லோரும் கையெழுத்திட்டார்களா என்பதை இங்கே கூடுதலாகப் பார்க்க வேண்டும்.

4. கிராமப் பகுதிக் கட்டடம். பழைய கிராமக் குடியிருப்புப் பகுதிகளில் விலை கணிசமாகக் குறைவாக இருக்கும். ஸ்டாம்ப் பேப்பர் ஒப்பந்தம், பவர் ஆஃப் அட்டர்னி என்று மட்டும் காட்டினால் நின்று யோசியுங்கள். பவர் பத்திரம் மூலம் 'விற்பது' உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபர் 11-ல், சூரஜ் லேம்ப் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. இதே நவி மும்பையின் திகா பகுதியில், எம்ஐடிசி, சிட்கோ நிலங்களில் எழுந்த சட்டவிரோதக் கட்டடங்கள் மீது 2015-ல் பாம்பே உயர் நீதிமன்றம் நடவடிக்கைக்கு உத்தரவிட்டபோது, காசு கொடுத்து வாங்கிக் குடியிருந்தவர்கள்தான் தெருவுக்கு வரும் நிலை ஏற்பட்டது.

பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்தால் தொடக்கப் புள்ளி மாறும். செம்பூர் திலக் நகர் போன்ற மாடா காலனியில் முதல் தாள் மாடாவின் ஒதுக்கீடு. மாட்டுங்காவில் 1898-ல் உருவான பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை வகுத்த மனைகள் உண்டு. இடம் மாறலாம், கேள்வி மாறாது: முதலில் கொடுத்தது யார்?

ஜெராக்ஸ் ஏன் போதாது?

காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 1882-ம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் 58-வது பிரிவு, அறிவிக்கப்பட்ட நகரங்களில், அசல் பத்திரங்களைக் கடன் கொடுப்பவரிடம் ஒப்படைத்தாலே அடமானம் உண்டாகிவிடும் என்கிறது. தனியாக அடமானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டியதில்லை. தொடக்கத்தில் கல்கத்தா, மதராஸ், பம்பாய் போன்ற வணிக நகரங்களுக்கு இருந்த வசதி இது. இன்றைய ஹோம் லோன்களில் பெரும்பாலானவை இந்த முறையில்தான் நடக்கின்றன.

அதாவது, அசல் எங்கே இருக்கிறது என்பதே ஒரு தகவல். ஜெராக்ஸை நூறு பேருக்கு அனுப்பலாம். அசல் ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் இருக்கும். விற்பவர் "அசல் ஊர்ல இருக்கு, அப்புறம் காட்டுறேன்" என்றால், அது அடமானத்தில் இருக்கிறது என்ற சாத்தியத்தை நீங்கள் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

லோன் இருப்பது தப்பே இல்லை. மறைப்பதுதான் தப்பு. லோன் இருந்தால் வங்கியிடமிருந்து நிலுவைத் தொகைக் கடிதமும், அவர்களிடம் உள்ள அசல்களின் பட்டியலும் வாங்கச் சொல்லுங்கள். அந்தப் பட்டியல் மிகப் பயனுள்ள ஆவணம். சங்கிலியில் எத்தனை அசல் உயிரோடு இருக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

சரிபார்க்க இரண்டு வழிகள் உண்டு. மகாராஷ்டிரத்தில் 2013 முதல், அசல் பத்திரத்தை ஒப்படைத்து எடுக்கும் கடன் பற்றிப் பதிவுத் துறைக்கு 30 நாளுக்குள் அறிவிப்பு தாக்கல் செய்ய வேண்டும். அது தேடலில் தெரியும். அதோடு, 2011-ல் தொடங்கிய செர்சாய் என்ற மத்தியப் பதிவகத்தில் வங்கிகள் அடமானங்களைப் பதிவு செய்கின்றன. சிறு கட்டணம் கட்டி யாரும் தேடலாம். இரண்டிலும் பாருங்கள். தனியாரிடம் கைமாற்றாக வாங்கி அசலைக் கொடுத்திருந்தால் இரண்டிலுமே தெரியாமல் போகலாம். அதனால்தான் கடைசியில் அசலைக் கண்ணால் பார்க்கச் சொல்கிறோம்.

பதிவேட்டில் தேடுவது எப்படி?

தமிழ்நாட்டு வில்லங்கச் சான்று போல ஒரே தாளில் எல்லாம் வரும் என்று இங்கே எதிர்பார்க்காதீர்கள். மகாராஷ்டிரத்தில் உங்களுக்கு வேண்டியது 'இண்டெக்ஸ் 2'. ஒவ்வொரு பதிவுப் பத்திரத்தின் சுருக்கம் அது: சொத்து விவரம், எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர், தொகை, ஸ்டாம்ப் டூட்டி, பதிவு எண், தேதி.

1908-ம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 57-வது பிரிவு உங்களுக்கு ஒரு உரிமையைத் தருகிறது. அசையாச் சொத்துப் பத்திரங்களின் பதிவேட்டையும் அதன் அட்டவணைகளையும், கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், சான்றிட்ட நகலும் வாங்கலாம். விற்பவரின் அனுமதி தேவையில்லை. ஏஜென்ட் கொடுத்த ஜெராக்ஸை இந்த நகலோடு ஒப்பிட்டால் போலிப் பக்கம் மாட்டிக்கொள்ளும்.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள்:

- பதிவுத் துறையின் இணையதளத்தில் இ-சர்ச் பகுதிக்குப் போய், மாவட்டம் தானே, கிராமம் வாஷி என்று கொடுத்து மனை எண்ணால் தேடுங்கள். ஒரே மனை வெவ்வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும். செக்டார் எண், மனை எண், சொசைட்டி பெயர் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள்.
- பழைய ஆண்டுகளின் பதிவுகள் எல்லாம் ஆன்லைனில் வராது. அதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரில் தேட ஒரு வழக்கறிஞரையோ, 'சர்ச் கிளார்க்' என்று அழைக்கப்படுபவரையோ அமர்த்திக்கொள்ளுங்கள்.
- தானேயில் கிடைக்காத பழைய பத்திரம் மும்பையில் பதிவாகியிருக்கலாம். 2001 வரை, பெருநகரப் பதிவாளர்கள் வேறு ஊர்ச் சொத்துப் பத்திரங்களையும் பதிவு செய்யச் சட்டத்தில் இடம் இருந்தது.
- பதிவான பத்திரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரையைப் பாருங்கள். அலுவலகக் குறியீடு, பத்திர எண்ணும் ஆண்டும், பக்க எண்ணும் மொத்தப் பக்கங்களும் இருக்கும். 48 பக்கத்தில் 31-வது பக்கம் இல்லை என்றால், அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று கேளுங்கள்.

ஒரு எக்ஸெல் ஷீட் போடுங்க

ஆபீஸில் டேட்டா பார்ப்பவர்களுக்கு இது கைவந்த வேலை. ஒரு கண்ணிக்கு ஒரு வரிசை. ஏழு கட்டங்கள்: தேதி, கொடுத்தவர், வாங்கியவர், பத்திர வகை, பதிவு எண், சிட்கோ அல்லது சொசைட்டி அனுமதி, அசல் எங்கே. விதி ஒன்றே ஒன்று: ஒரு வரிசையில் 'வாங்கியவர்' என்று இருப்பவர் அப்படியே அடுத்த வரிசையில் 'கொடுத்தவர்' ஆக வேண்டும். ஆள் கூடினாலோ குறைந்தாலோ நடுவில் ஒரு பத்திரம் காணோம் என்று அர்த்தம்.

ஒரு கற்பனை உதாரணம் பார்ப்போம்.

- 1978: சிட்கோ, பில்டருக்கு. குத்தகை ஒப்பந்தம்.
- 1984: பில்டர், கணவன்–மனைவி இருவருக்கு. விற்பனை ஒப்பந்தம்.
- 1996: கணவர் மட்டும், இரண்டாவது உரிமையாளருக்கு. விற்பனை ஒப்பந்தம்.
- 2009: இரண்டாவது உரிமையாளர், மகளுக்கு. தானப் பத்திரம்.
- 2019: மகள், இப்போது விற்பவருக்கு. விற்பனை ஒப்பந்தம்.

2019 பத்திரத்தை மட்டும் பார்த்தால் எல்லாம் சரி. 30 ஆண்டுத் தேடலில் 1996 பத்திரமும் வரலாம், அதுவும் ஒழுங்காகப் பதிவானதுதான். ஆனால் 1984 வரிசையைப் பார்த்தால்தான் தெரிகிறது, வாங்கியவர்கள் இருவர், விற்றவர் ஒருவர். மனைவி தன் பங்கை விட்டுக்கொடுத்த பத்திரம் இருக்கிறதா? இறந்திருந்தால் வாரிசுகள் யார்? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும் வரை டோக்கன் பணம் உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும்.

இந்த ஷீட்டை ஷேர் சர்டிஃபிகேட்டின் பின்பக்கத்தோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு கைமாற்றமும் அங்கே தேதியோடு எழுதப்பட்டிருக்கும். உதாரணத்தில் இருப்பது போல நான்கு ஃபிளாட் உரிமையாளர்கள் என்றால், முதல் உறுப்பினரையும் சேர்த்து நான்கு பெயர்கள் அதில் இருக்க வேண்டும்.

பழைய பத்திரத்தில் ஸ்டாம்ப் குறைவா இருக்கே?

1980-களின் ஒப்பந்தம் சில ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் இருந்தால் உடனே மோசடி என்று முடிவு கட்ட வேண்டாம். 1985 டிசம்பர் 10-க்குப் பிறகுதான், வீட்டை ஒப்படைத்து எழுதும் விற்பனை ஒப்பந்தத்தைக் கிரயப் பத்திரம் போலவே கருதி முழு ஸ்டாம்ப் டூட்டி வசூலிக்கும் முறை மகாராஷ்டிரத்தில் வந்தது. தேதியைப் பார்த்துப் பேசுங்கள்.

அந்தத் தேதிக்குப் பிறகும் குறைவாகக் கட்டியிருந்தால் சிக்கல்தான். சரியாக ஸ்டாம்ப் கட்டாத பத்திரத்தை நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்க மாட்டார்கள். இது அரிதான பிரச்னை இல்லை. 1980 முதல் 2020 வரையிலான பத்திரங்களுக்கு ஸ்டாம்ப் பாக்கியில் சலுகை தர 2023 டிசம்பரில் மாநில அரசு ஒரு 'அபய் யோஜனா' கொண்டுவர வேண்டியிருந்தது. பதிவே செய்யாத பழைய ஒப்பந்தம் என்றால், பிறகு அதை உறுதிசெய்து 'டீட் ஆஃப் கன்ஃபர்மேஷன்' பதிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

நம்ம பெயர் பிரச்னை

மும்பைத் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நமக்கு இனிஷியல் வழக்கம். இங்கே பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டங்களையும் நிரப்பச் சொல்வார்கள். 'எஸ். முருகன்' 1984 ஒப்பந்தத்தில் 'முருகன் சுப்பையா' ஆவார், ஷேர் சர்டிஃபிகேட்டில் அப்பா பெயர் முன்னால் போய் 'சுப்பையா முருகன்' ஆவார், வேறொரு தாளில் சாதிப் பெயர் ஒட்டிக்கொள்ளும், ஆதாரில் வேறு எழுத்துக்கூட்டு இருக்கும்.

சங்கிலியில் இவர்கள் மூவரும் ஒரே ஆள்தானா என்பதற்குத் தாள் வேண்டும். விற்பவர் உயிரோடு இருக்கும்போதே 'இந்தப் பெயர்கள் எல்லாம் என்னையே குறிக்கும்' என்று உறுதிமொழிப் பத்திரம் வாங்கிவிடுங்கள். உங்கள் அப்பா பெயரில் வீடு இருந்தால், இதை இந்த வார இறுதியிலேயே அவரோடு உட்கார்ந்து பார்க்கலாம்.

"நாமினி நான்தானே, அப்போ வீடு எனக்குத்தானே?"

இல்லை. சொசைட்டியில் நாமினியாக இருப்பதும் உரிமையாளர் ஆவதும் வேறு வேறு. நாமினி பெயருக்கு உறுப்பினர் மாற்றம் செய்தாலும், வாரிசுகளின் உரிமை அப்படியே இருக்கும் என்பதே உச்ச நீதிமன்றம் 2016-ல் ஒரு கூட்டுறவு சொசைட்டி வழக்கில் எடுத்த நிலைப்பாடு.

இந்துக் குடும்பத்தில் உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், 1956-ம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள் ஆகியோரோடு அவருடைய அம்மாவுக்கும் சம பங்கு உண்டு. ஊரில் இருக்கும் ஆச்சியின் பங்கை நாம் மறந்துவிடுகிறோம். ஆச்சி பின்னர் இறந்தால் அந்தப் பங்கு அத்தை, சித்தப்பா வரை போகும். "எங்களுக்கு எதுக்குப்பா, நீயே வச்சுக்கோ" என்று போனில் சொன்னால் போதாது. பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும்.

நீங்கள் வாங்குபவர் என்றால், சங்கிலியில் யாராவது இறந்திருக்கும் ஒவ்வொரு இடத்திலும் நின்று இறப்புச் சான்று, வாரிசு விவரம், விடுதலைப் பத்திரம் அல்லது உயில் என மூன்றையும் கேளுங்கள்.

அசல் தொலைந்துபோச்சுன்னா?

2005 மும்பை வெள்ளத்துக்குப் பிறகு "பேப்பர் நனைஞ்சு போச்சு" என்ற பதிலை இங்கே அடிக்கடி கேட்கலாம். உண்மையாகவும் இருக்கலாம். அப்போது செய்ய வேண்டியவை: காவல் நிலையத்தில் தொலைந்ததற்கான புகார், ஒரு மராத்தி, ஒரு ஆங்கில நாளிதழில் பொது அறிவிப்பு, ஆட்சேபம் சொல்ல அவகாசம், சார்பதிவாளரிடமிருந்து சான்றிட்ட நகல், நோட்டரி முன் உறுதிமொழி. இதை விற்பவர் செய்து முடித்த பிறகு பேசுங்கள். அறிவிப்பில் உங்கள் வழக்கறிஞர் பெயரும் முகவரியும் போடச் சொல்லுங்கள். ஆட்சேபம் வந்தால் நேராக உங்களுக்குத் தெரியும்.

வங்கியே தொலைத்திருந்தால் அது வேறு கதை. ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13-ல் வெளியிட்ட உத்தரவுப்படி, கடனை முழுதாக அடைத்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. தொலைந்திருந்தால் சான்றிட்ட நகல் எடுக்க உதவி, செலவையும் வங்கியே ஏற்க வேண்டும், இதற்கு மேலும் 30 நாள் அவகாசம் உண்டு. 2023 டிசம்பர் 1 முதல் பத்திரங்களைத் திருப்ப வேண்டிய கடன்களுக்கு இது பொருந்தும்.

பதிவாகிடுச்சே, அப்புறம் என்ன?

இதுதான் பலரும் சறுக்கும் இடம். இந்தியாவில் பத்திரப் பதிவு என்பது நடந்த பரிமாற்றத்தின் பதிவு. உரிமைக்கு அரசு தரும் உத்தரவாதம் இல்லை. 1858-ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் கொண்டுவந்த முறையில், அரசுப் பதிவேட்டில் பெயர் இருந்தால் அவரே உரிமையாளர், பழைய பத்திரங்களைத் தோண்ட வேண்டியதில்லை. நமக்கு அந்த வசதி கிடையாது.

தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. பதிவுக்கு வரும்போது முந்தைய அசல் பத்திரத்தைக் காட்டாவிட்டால் சார்பதிவாளர் மறுக்கலாம் என்று மாநிலப் பதிவு விதிகளில் 55-ஏ சேர்க்கப்பட்டது. அது பதிவுச் சட்டத்துக்கு முரணானது என்று 2025 ஏப்ரல் 7-ல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. நீதிமன்றம் சொன்ன காரணம் முக்கியம்: எழுதிக்கொடுப்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலையே இல்லை.

அப்படியென்றால் அது யாருடைய வேலை? வாங்குபவரான உங்களுடையது. லோன் தரும் வங்கி பார்க்குமே என்றால், வங்கி பார்ப்பது தன் கடனுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்றுதான். உங்கள் சேமிப்பில் இருந்து போகும் முன்பணத்துக்கு அது பொறுப்பு இல்லை. வங்கி வழக்கறிஞரின் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஆனால் உங்களுக்கென்று தனியாக ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளுங்கள்.

டோக்கன் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

1. சிட்கோ முதலில் யாருக்கு, எந்தத் தேதியில் கொடுத்தது? குத்தகை எப்போது முடிகிறது?
2. அதிலிருந்து இன்று வரை எல்லாப் பத்திரங்களின் நகலும் உண்டா? ஒவ்வொன்றுக்கும் பதிவு எண் இருக்கிறதா?
3. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் தேவையான சிட்கோ அனுமதி, சொசைட்டி அனுமதி எங்கே?
4. சொசைட்டி பெயரில் குத்தகைப் பத்திரம் முடிந்துவிட்டதா?
5. கட்டடத்துக்குக் குடியேற்றச் சான்று, அதாவது ஓசி, இருக்கிறதா?
6. அசல்கள் இப்போது யாரிடம்? வங்கி என்றால் பட்டியல் எங்கே?
7. சங்கிலியில் யாராவது இறந்திருந்தால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட்டார்களா?
8. பராமரிப்புக் கட்டணம், சொத்து வரி, சிட்கோ கட்டண பாக்கி எதுவும் இல்லை என்று எழுத்தில் தருவார்களா?

விற்பவர் நேர்மையானவர் என்றால் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். அவரும் ஒருநாள் இதே கேள்விகளோடு வாங்கியவராகத்தான் இருப்பார். "டைம் இல்ல சார், இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க" என்று அவசரப்படுத்தினால், டோக்கன் ரசீதில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: 'உரிமைச் சங்கிலியில் குறை தெரியவந்தால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்.' அந்த வரிக்குக் கையெழுத்துப் போடத் தயங்குபவரிடம் டோக்கன் கொடுக்க வேண்டாம்.